அகவிலையும் அரசின் கணக்கும்



விலையேற்றத்தை ஈடுகட்ட ஊதியத்தோடு சேர்த்து வழங்கப்படும் தொகைக்கு அகவிலைப்படி என்று பெயர். பொருள் செறிந்த பெயர் அது. அகவிலை என்பது தவச விலை. நெல்லும் சோளமும் கம்பும் கேழ்வரகும் விற்கும் விலை. படி என்பது அளக்கும் கலம். அக்கலத்தால் அளந்து தரப்படும் உணவுக்கும் படி என்றே பெயர். மக்கள் இதனைப் பஞ்சப்படி என்றும் கூறுவர். இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பண்டங்களின் விலை ஏறியபோதுதான் பணியாளர்க்கு இத்தொகை பரவலாக வழங்கப்பட்டது. ஆதலின், அப்பெயரில் வரலாறே அடங்கிக் கிடக்கிறது.

கூலி என்னும் சொல்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கூலம் என்றால் தவசம். கூலமாகக் கொடுக்கப்பட்டது கூலி என்று காட்டினார் மொழிஞாயிறு பாவாணர். சம்பளத்தையும் அவர் சம்பாவும் அளமுமாகப் பிரித்தார்; நெல்லும் உப்பும் என்பது பொருள். உழைப்புக்கு ஈடு சோறு என்று நம் முன்னோர் கொண்டிருந்த கருத்து, இச்சொற்கள் வழங்குமட்டும் அழியாது.

நெல்லைக் கூலியாகப் பெற்றவனுக்குப் பணவீக்கம் என்னும் சொல் தேவைப்படவில்லை. ஊரில் நெல் மலிந்தாலும் அருகினாலும் அவன் வீட்டு உலைக்கு ஒரு மரக்கால் ஒரு மரக்காலாகவே வந்து சேர்ந்தது. விலை ஏறும்போது அவன் கூலியும் தானே ஏறியது. கேட்க வேண்டியதில்லை, மனுப்போட வேண்டியதில்லை. அதனால் அவன் இன்பமாக வாழ்ந்தான் என்று எண்ணிவிடலாகாது. மரக்காலின் அளவே அன்று பூசலுக்குரியதாய் இருந்தது. 1968 திசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழ்த்தஞ்சையின் கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனவே, அப்பூசலின் நடுவே நின்றது எது? அறுவடைக் கூலியாக இன்னும் சிறிது நெல் வேண்டும் என்னும் கேட்பு. அளவையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நெல்லுக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை அறிந்தவர்கள், அளவைகளைப் பற்றிய பேச்சை வெறுங் கணக்குப் பேச்சு என்று தள்ளமாட்டார்கள்.

பணக்கூலி வந்தபின் நிலை மாறிற்று. நேற்று ஒரு படி அரிசி தந்த பணம் இன்று முக்காற்படிதான் தரும். ஆகவே, பணத்தை மீண்டும் படியாக மாற்றிக் காட்ட ஓர் அளவை வேண்டியதாயிற்று. அவ்வளவைதான் நுகர்வோர் விலைக் குறியெண். அதுவும் ஒரு படியே. அரசே செய்து, அரசே முத்திரை குத்தி, அரசே அளக்கும் படி. கடைத்தெருவில் வணிகர் வைத்திருக்கும் எடைக்கல்லைச் சட்டம் காலந்தோறும் வாங்கிச் சரிபார்க்கிறது. கல் தேய்ந்திருந்தால் தண்டனை உண்டு. இந்தப் பெரும்படி தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பவர் யார்? பணவீக்கம் இத்தனை விழுக்காடு என்று செய்தித்தாளில் படித்துவிட்டுக் கடைக்குச் சென்று திரும்பும் இல்லத்தரசி, ‘இது யார் வீட்டுக் கணக்கு?’ என்று கேட்கிறாளே, அவ்வினா அறியாமையால் எழுந்ததா, அறிவால் எழுந்ததா?

முதலில் அப்படி செய்யப்படும் முறையைக் காண்போம். ஒவ்வொரு திங்களும் அரசின் ஆள்கள் குறித்த கடைகளுக்குச் சென்று குறித்த பண்டங்களின் விலையை எழுதி வருகின்றனர். 2012-ஐ அடியாண்டாகக் கொண்டு 2015-இல் தொடங்கி, 2025-ஆம் ஆண்டின் கணக்குவரை வழங்கிய இந்திய வரிசைக்கு 1,181 சிற்றூர்களிலும், 310 நகரங்களிலுள்ள 1,114 அங்காடிகளிலும் விலை திரட்டப்பட்டது. இவ்வேலையை இகழ்தல் அறமாகாது. வெயிலிலும் மழையிலும் அலைந்து கத்தரிக்காய் விலையையும் துவரம்பருப்பு விலையையும் பிழையின்றிக் குறித்துவரும் கீழ்நிலைப் பணியாளர் மீது குற்றமில்லை. விலையைக் குறித்தபின், எந்தப் பண்டத்துக்கு எத்துணை எடை கொடுப்பது என்னும் இடத்தில்தான் சிக்கல் பிறக்கிறது.

ஒரு குடும்பத்தின் செலவு முழுவதையும் நூறு பங்கு என்று வைத்துக்கொண்டு, உணவுக்கு இத்தனை, உடைக்கு இத்தனை, குடிக்கூலிக்கு இத்தனை என்று பிரிப்பர். அப்பங்குகளே எடைகள். 2012 வரிசையில், நகரும் ஊரும் சேர்ந்த இந்தியக் குறியெண்ணில், உணவுக்கும் குடிப்புப் பண்டங்களுக்கும் 45.86 பங்கு. அதற்குள் அரிசி, கோதுமை முதலான கூலங்களுக்கு 9.67. குடிக்கூலிக்கு 10.07, விறகு, எரிவளி, மின்சாரம் ஆகியவற்றுக்கு 6.84, உடைக்கும் செருப்புக்கும் 6.53, மருத்துவத்துக்கு 5.89, கல்விக்கு 4.46.

கேட்போர் தத்தம் வீட்டுச் செலவை மனத்துக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்பு. இரண்டு பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பருவந்தோறும் நகையை அடகு வைப்பவன் 4.46 என்னும் எண்ணைக் கேட்டால் சிரிப்பான். ஆங்கில வழிப் பள்ளி மயக்கம் அவன் தானே தேடிக்கொண்ட நோய் என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆயினும் செலவு செலவுதானே!

அரசுப் புள்ளியியலார் இதற்கு விடை வைத்திருக்கின்றனர். எண் எந்தத் தனி வீட்டுக்கும் உரியதன்று, எல்லா வீடுகளையும் சேர்த்து நிரவியது என்பர். அது மெய்தான். ஆனால், எப்படி நிரவினர்? இதனைத்தான் தமிழ்மக்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஒரே தெருவில் இரண்டு வீடுகள் இருப்பதாகக் கொள்க. ஒன்று கூலிக்காரர் வீடு. திங்கள் செலவு 10,000 உருபா. அதில் உணவுக்கு 6,000. மற்றொன்று செல்வர் வீடு. செலவு 90,000 உருபா, உணவுக்கு 18,000. முதல் வீட்டில் நூற்றுக்கு 60 பங்கு உணவு. இரண்டாம் வீட்டில் 20 பங்கு. இரண்டு வீட்டையும் சமமாக நிரவினால் 40 என்று வரும். அரசின் முறை அதுவன்று. இரு வீட்டுச் செலவையும் ஒன்றாகக் கொட்டுவர். மொத்தம் ஓர் இலக்கம் உருபா. அதில் உணவு 24,000. ஆகவே உணவின் எடை 24 என்று முடிவாகும். செல்வர் வீட்டுக் கணக்குக்கு அது அண்மையில் இருக்கிறது. கூலிக்காரர் வீட்டுக்கு அது அயல்நாட்டுக் கணக்கு.

இனி உணவுப் பண்டங்களின் விலை 10 விழுக்காடும், ஏனையவற்றின் விலை 2 விழுக்காடும் ஏறுவதாகக் கொள்க. கூலிக்காரர் வீட்டுச் செலவு 6.8 விழுக்காடு ஏறும். செல்வர் வீட்டில் 3.6. பொது எண் எவ்வளவு காட்டும்? ஏறத்தாழ 3.9. செல்வர், ‘கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது’ என்பார். கூலிக்காரர், ‘பொய்க் கணக்கு’ என்பார். இருவரும் தத்தம் அடுக்களையில் நின்று மெய்யே பேசுகின்றனர். தேர்தலில் ஆளுக்கு ஒரு வாக்கு. குறியெண்ணிலோ உருபாவுக்கு ஒரு வாக்கு. பொருளியலாரே இந்த வேறுபாட்டை உணர்ந்து, முன்னதற்குக் குடியாட்சி எடைமுறை என்றும் பின்னதற்குச் செல்வராட்சி எடைமுறை என்றும் பொருள்படப் பெயரிட்டுள்ளனர். உலகின் பெரும்பாலான நாடுகள் பின்னதையே பின்பற்றுகின்றன. இந்தியா தனியாகச் செய்த குற்றம் என்று இதனைக் கூறுதல் முறையாகாது.

இது வெறும் எடுத்துக்காட்டுக் கணக்கென்று எண்ண வேண்டா. 2023 சூலையில் தக்காளி விலை ஏறித் தமிழ்நாட்டரசே பங்கீட்டுக் கடைகளில் கிலோ 60 உருபாவுக்கு விற்க வேண்டிய நிலை வந்தது. அத்திங்களில் இந்தியப் பொது எண் 7.44 விழுக்காடு ஏற்றம் காட்டிற்று. உணவின் எண்ணோ 11.51. 2024 அக்தோபரில் பொது எண் 6.21, உணவு 10.87, காய்கறி மட்டும் 42.18. சோற்றுக்கே வருவாயின் பெரும்பகுதியைக் கொடுப்பவன் வீட்டில் அத்திங்களில் நுழைந்தது 6.21 அன்று.

மறு ஆண்டு, 2025 அக்தோபரில், பொது எண் 0.25 விழுக்காட்டுக்கு இறங்கியது. அவ்வரிசை தொடங்கியபின் கண்டிராத இறக்கம். உணவின் எண் சுழியத்துக்கும் கீழே 5.02 போயிற்று. விலையேற்றமே நின்றுவிட்டது என்று சிலர் மகிழ்ந்தனர். மக்களோ, ‘எது இறங்கியது?’ என்று வியந்தனர். இங்கே கணக்கை நேர்மையாகப் பார்க்க வேண்டும். காய்கறி விலை உண்மையாகவே முந்திய அக்தோபரைவிட 27.57 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால், முந்திய அக்தோபர் எப்படிப்பட்டது? 2023-இல் 100 உருபாவுக்கு விற்ற காய் 2024-இல் 142 உருபாவுக்கு ஏறி, 2025-இல் 103 உருபாவுக்கு இறங்கியது என்பதே இவ்விரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் செய்தி. மலையேறியவன் மீண்டும் அடிவாரத்துக்கு வந்ததைப் பள்ளத்தில் இறங்கியதாக எண் காட்டிற்று. இடையிலிருந்த ஓராண்டில் காய் வாங்கப் பட்ட கடனும் அதன் வட்டியும் எந்த எண்ணிலும் இறங்கவில்லை. காய் இறங்கிய அதே திங்களில் எண்ணெய் வகைகளின் விலை 11 விழுக்காட்டை ஒட்டி ஏறியிருந்தது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். விழுக்காடு குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பலரும் கொள்கின்றனர். ஏறும் விரைவுதான் குறைகிறது. 2012-இல் 100 என்று வைத்த குறியெண் 2025 அக்தோபரில் 197-ஐ ஒட்டி நின்றது. அன்று 100 உருபாவுக்கு வாங்கியதை வாங்க 197 உருபா வேண்டும் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. 0.25 என்னும் எண் அந்த 97 உருபாவைத் திருப்பித் தந்துவிடவில்லை.

அடுத்து, கூடையில் இருப்பன, இல்லாதன. வீடு வாங்கும் விலையும் வீட்டுக்கடன் தவணையும் குறியெண்ணில் சேரா. அவை முதலீடு என்பது புள்ளியியலார் கருத்து. குடிக்கூலி மட்டும் சேரும். 2012 வரிசையில் அதுவும் நகரங்களுக்கு மட்டுமே. ஊர்ப்புறத்தில் குடிக்கூலிக்கு எடையே கிடையாது. ஊரில் யாரும் குடிக்கூலி கொடுத்து வாழவில்லை போலும்! பொன்னோ கூடைக்குள் இருந்தது. தாலிக்குப் பொன் எடுக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு அது முதலீடன்று, கடமை. 2025 திசம்பரில் சென்னையில் பவுன் ஓர் இலக்கம் உருபாவைத் தாண்டியபோது, அவ்வாண்டு திருமணம் வைத்திருந்தவனுக்கு விலையேற்றம் எத்தனை விழுக்காடு? மணம் முடிக்க வேண்டிய மகள் இல்லாத அடுத்த வீட்டுக்காரனுக்கு எத்தனை விழுக்காடு? ஒரே எண் இருவர்க்கும் பொருந்தாது.

கூடை பழையதாகிவிடுவது இன்னொரு குறை. 2012 வரிசையின் எடைகள் 2011-12-இல் எடுத்த குடும்பச் செலவு ஆய்விலிருந்து வந்தவை. அடுத்த ஆய்வு 2017-18-இல் நடந்தது. அதன் முடிவுகளைத் தரம் சரியில்லை என்று காரணங்காட்டி 2019 நவம்பரில் நடுவண் அரசு வெளியிடாமல் நிறுத்திவிட்டது. முடிவு பிடிக்கவில்லையா, ஆய்வு சரியில்லையா என்று அறிஞர்கள் அன்று வினவினர். ஆய்வேடு வெளிவந்திருந்தால் அவ்வினாவுக்கு இடமிருந்திராது. அதனால் நேர்ந்தது, பழைய கூடையே மேலும் பல ஆண்டு தலைமேல் இருந்தமை. பாட்டு நாடாப்பேழை கூடைக்குள் இருக்க, வீட்டுக்கு வீடு கைப்பேசிக் கட்டணம் கட்டும் காலம் வந்துவிட்டது. 2022-23-இலும் 2023-24-இலும் புதிய ஆய்வுகள் நடந்தன. பின்னதன்படி உணவின் பங்கு ஊர்ப்புறத்தில் 47.04, நகரில் 39.68. அதைக் கொண்டு 2024-ஐ அடியாண்டாக வைத்த புதிய வரிசை 2026 பிப்ரவரியில் வெளிவந்தது. நாடாப்பேழை போயிற்று, ஊர்ப்புறக் குடிக்கூலி சேர்ந்தது. இவை நல்ல திருத்தங்கள். உணவின் எடை 36.75 ஆகக் குறைந்தது. அக்குறைவில் ஒரு பகுதி, உணவுவிடுதிச் சாப்பாட்டை வேறு தலைப்புக்கு மாற்றியதால் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாதியைச் சொல்லிப் பாதியை மறைப்பது தமிழர்க்கு அழகன்று.

எண்ணையே திரித்துப் பொய்யாக வெளியிட்ட அரசுகளும் உலகில் உண்டு. தென்னமெரிக்காவில் அர்செண்டினா 2007 முதல் 2015 வரை அவ்வாறு செய்தது. புள்ளியியல் அலுவலகத்தின் விலைப்பிரிவைத் தன் ஆள்களிடம் ஒப்படைத்தது. மாற்றுக் கணக்கு வெளியிட்ட பொருளியலார்க்குத் தண்டத்தொகை விதித்தது. 2013-இல் பன்னாட்டுப் பண நிதியம் அந்நாட்டைக் கண்டித்து அறிக்கையிட்டது. இந்தியாவில் நடப்பது அவ்வகையினதன்று. அரசின் எண் எல்லாம் பொய் என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால், குற்றம் எங்கே இருக்கிறதோ அங்கே விரல் வைக்க முடியாமற் போய்விடும். திருடன் மேற்கே ஓடக் கிழக்கே துரத்துவதற்கு ஒப்பாகும் அது.

இனி, இவ்வெண்ணைக் கொண்டு யார்யார்க்குப் படி அளக்கப்படுகிறது என்பதைக் காண்போம்.

அரசுப் பணியாளர்க்கும் ஆலைத் தொழிலாளர்க்கும் தனிக் குறியெண் உண்டு. அதனைத் தொழிலாளர் பணியகம் கணக்கிடுகிறது. சென்னை, கோவை, மதுரை, சேலம், குன்னூர் முதலிய நடுவங்களில் திரட்டும் விலைகளும் அதில் சேர்கின்றன. நடுவண் அரசுப் பணியாளர்க்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்வது இதனைக் கொண்டே. ஏழாம் ஊதியக் குழுவின் கணக்கில் 2024 சனவரியில் 50 விழுக்காடாக இருந்த படி 2025 சூலையில் 58 ஆயிற்று. இக்குறியெண்ணில் உணவின் எடை 1982 வரிசையில் 57. 2001 வரிசையில் 46.2, 2016 வரிசையில் 39.17. அகவிலைப்படி என்று பெயர். அதிலே அகவிலையின் பங்கு படிப்படியாக இறங்கி வருகிறது. இதனைக் குறையென்று மட்டும் சொல்வதற்கில்லை. வருவாய் உயர உயர உணவின் பங்கு குறையும் என்று 1857-லேயே எங்கல் என்னும் செருமானியர் கண்டு கூறினார். ஆலைத் தொழிலாளி நாற்பதாண்டுகளில் சோற்றுக்கு மேல் சில தேவைகளையும் எட்டிப் பிடித்திருக்கிறான் என்பதற்கு இது சான்று.

ஆனால் உழவுத் தொழிலாளரின் கதை வேறு. அவர்க்கென்றும் ஒரு தனிக் குறியெண் இருந்தது, அடியாண்டு 1986-87. அதன் எடைகள் 1983-இல் எடுத்த ஆய்வைச் சார்ந்தவை. அதில் உணவுக்கு 69.15 பங்கு. அந்தப் படி எத்தனை ஆண்டு மாற்றப்படாமல் இருந்தது தெரியுமா? 2025 சூலையில்தான் 2019-ஐ அடியாண்டாகக் கொண்ட புது வரிசை வெளிவந்தது. நாற்பதாண்டுக்கு மேற்பட்ட பழங்கூடை! ஆலைத் தொழிலாளரின் படியை அதே காலத்தில் இருமுறை மாற்றிய அரசுக்கு, வயலில் நிற்பவரின் படியைத் தொட நேரமில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உணவுக்கு எடை மிகுதியாய் இருந்தால் ஏழைக்கு நன்மைதானே என்று தோன்றும். உணவு விலை விரைந்து ஏறும் ஆண்டுகளில் நன்மையே. பிற ஆண்டுகளில் அதுவே கேடு. தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்க. 2011 சூன் முதல் பங்கீட்டுக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அரிசிக்குக் கொடுத்த காசு கையில் நின்றுவிடவில்லை. மருந்துக் கடைக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், கைப்பேசிக்கும், வேலை தேடி அயலூர் செல்லும் பேருந்துக்கும் போயிற்று. எரிவளி உருளையைப் பாருங்கள். 2023 மார்ச்சில் சென்னையில் 1,118 உருபா 50 காசு. பின் இருமுறை குறைந்து, 2025 ஏப்ரலில் மீண்டும் ஏறி 868 உருபா 50 காசு. 1983-இல் எந்த உழவுத் தொழிலாளி வீட்டில் எரிவளி அடுப்பு இருந்தது? அன்று கூடையில் இருந்தது விறகு. அக்கூடையைக் கொண்டு இன்றைய வீட்டை அளந்தால், அவன் உண்மையில் காசு கொடுக்கும் இடங்களிலெல்லாம் எண் பார்வையற்றதாகிவிடும்.

இவ்வெண் நூலகத்தில் உறங்கிய எண்ணுமன்று. நூறுநாள் வேலைத் திட்டத்தின் நாட்கூலி 2011 முதல் இதனோடுதான் கட்டப்பட்டது. தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி 2023-24-இல் 294 உருபா, 2024-25-இல் 319, 2025-26-இல் 336. ஓராண்டு 25 உருபா உயர்வு, மறு ஆண்டு 17. ஏன் 17? ஏன் 27 இல்லை? ஏரிக்கரையில் மண்வெட்டிய அம்மையார்க்கு எவரும் விடை சொல்லவில்லை. விடை சிம்லாவிலும் சண்டிகரிலும் உள்ள அலுவலகக் கோப்பில், 1983-ஆம் ஆண்டுக் கூடையில் இருந்தது.

இத்தனையும் எண்ணோடு கட்டப்பட்டவர்களின் நிலை. எண்ணோடு கட்டப்படாதவர்களும் உளர். தொகையில் அவர்களே மிகுதி. தெருவில் கீரை விற்பவள், கைத்தறி நெய்பவன், தையற்காரன், கட்டடத்தில் சித்தாள் வேலை செய்பவள் ஆகியோர்க்கு எந்தப் படியும் இல்லை. அரிசி விலை ஏறியது என்று கீரைக்காரி கட்டுக்கு ஓர் உருபா கூட்டிச் சொன்னால், அகவிலைப்படி வாங்கும் நம்மவரே அவளோடு விலைபேசி அரை உருபா குறைக்கின்றனர். பணவீக்கத்தை அடக்க வேண்டும் என்பதற்கு 2016-இல் சட்டமே செய்து, 4 விழுக்காடு என்றும், இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் இந்திய இரிசர்வு வங்கிக்கு இலக்கு வகுத்தனர். 2 முதல் 6 வரையுள்ள எந்த எண்ணும் வங்கிக்கு வெற்றியே. ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால் பதினான்கு, பதினைந்து ஆண்டில் விலை இரட்டிக்கும். கூலி அசையாதவனுக்கு அவ்வெற்றியின் பொருள், அவன் வருவாய் பாதியானது என்பதே.

கூலியாவது கேட்டுப் பெறலாம். மறியல் செய்து பெறலாம். முதியோர் எங்கே போய் மறிப்பர்? வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் மிகக்குறைந்த ஓய்வூதியம் 1,000 உருபா என்று 2014 செப்டம்பரில் வகுத்தனர். 2025 முடியவும் அது 1,000 உருபாவே. மக்கள் கணக்கு வேண்டா, அரசின் குறியெண்ணையே கொண்டு வகுத்தாலும், அந்த ஆயிரம் 2014-இன் 600 உருபாவைச் சற்றுத் தாண்டிய மதிப்புக்குத் தேய்ந்துவிட்டது. ஆலையில் உழைத்து ஓய்ந்தவர் தரப்பில் எண் சரியா தவறா என்னும் வழக்கே எழவில்லை; தவறான எண்ணாவது அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் 1,600 உருபா வந்திருக்கும்.

வறிய முதியோர்க்கு இந்திரா காந்தி பெயரில் 2007-இல் தொடங்கிய திட்டத்தில் நடுவண் அரசின் பங்கு திங்களுக்கு 200 உருபா. எண்பது அகவையைக் கடந்தார்க்கு மட்டும் பின்னர் 500 ஆயிற்று. அறுபது முதல் எழுபத்தொன்பது வரை உள்ளார்க்கு 2025 முடியவும் அதே 200. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன. தமிழ்நாட்டில் 1,000 உருபாவாய் இருந்த முதியோர் தொகை 2023-இல் 1,200 ஆக உயர்ந்ததும் அரசு முடிவெடுத்ததால் வந்தது. குறியெண் ஏறியதால் தானே வந்ததன்று. இரண்டு நூறு உருபாவுக்கு ஒரு முதியவர் திங்கள் முழுவதும் என்ன வாங்குவார் என்று பேரவைகளில் பலமுறை கேட்டாயிற்று.

புது வரிசைகள் வந்துவிட்டன. உழவுத் தொழிலாளரின் கூடையை மீண்டும் நாற்பதாண்டு கிடக்கவிடாமல், செலவு ஆய்வு முடியுந்தோறும் மாற்ற வேண்டும் என்று சட்டத்தில் எழுதக் கேட்கலாம். வறியவர் செலவை மட்டும் எடையாகக் கொண்ட ஓர் எண்ணைத் தமிழ்நாட்டின் பொருளியல் புள்ளியியல் துறை தனியே வெளியிடக் கேட்கலாம். விலை திரட்டும் ஆள்கள் அத்துறையில் முன்னரே இருக்கின்றனர். அந்த 200 உருபாவும் இந்த 1,000 உருபாவும் ஆண்டுதோறும் குறியெண்ணோடு சேர்ந்து ஏறும்படி விதியில் ஒரு வரி சேர்க்கக் கேட்கலாம். பணியாளரின் அகவிலைப்படிக்கு அவ்வரி இப்போதே இருக்கிறது.